கேரல் பாட நம் ஆட்களே போதும்: பார்க்கின்சன் குழுவின் டிசம்பர் கூடல்

பூன்லே மகள் | நவம்பர் 3, இரவு 10.40

எல்லாருக்கும் வணக்கம். சிங்கப்பூரில் எங்கள் வட்டாரத்தில் பார்க்கின்சன் நோய் உள்ளவர்களும் அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களும் மாதம் இருமுறை சமூக மன்றத்தில் கூடுகிறோம். இருபது பேர் வரை வருவோம். அதில் எட்டு தமிழ்க் குடும்பங்கள். அப்பாவுக்கு நோய் தெரிந்து ஒன்பது வருடம் ஆகிறது.

போன டிசம்பரில் ஒரு தொண்டூழியக் குழு எங்களுக்காகக் கேரல், அதாவது கிறிஸ்துமஸ் பாட்டு, பாட வந்தது. நல்ல பிள்ளைகள், நன்றாகவே பாடினார்கள். ஆனால் ஐந்தரைக்குத் தொடங்குவதாகச் சொன்னது ஆறரைக்குத்தான் தொடங்கியது. நம் ஆட்களுக்கு ஒரு மணி நேரம் என்றால் என்ன என்று இங்கே இருக்கிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அப்பாவின் மாத்திரை 7, 11, 3, 7 மணி. ஆறரைக்கு 3 மணி மாத்திரையின் வேகம் தீர்ந்து, உடம்பு இறுக ஆரம்பித்திருந்தது. பரிசுப் பை வாங்க எழுந்தவர் நாற்காலிக்கு முன்னாலேயே கால் ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டார். எல்லாரும் கைதட்டி உற்சாகப்படுத்தினார்கள். அது அவருக்கு இன்னும் கஷ்டமாகிவிட்டது.

வீட்டுக்கு வந்து சட்டையை மாற்றிவிடும்போது அப்பா சொன்னார்: "நானும் முப்பது வருஷம் கொயர்ல பாடினவன்தானேம்மா." அவ்வளவுதான். அன்று சாயங்காலம் முழுக்க அவர் வாயே திறக்கவில்லை. திறக்கச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை. வரிசையாக உட்கார வைத்து, சிவப்புத் தொப்பி மாட்டி, படம் எடுத்தோம். நானும்தான் எடுத்தேன்.

இந்த வருடம் வெளியிலிருந்து யாரையும் கூப்பிடாமல் நம் ஆட்களே பாடட்டும் என்று நினைக்கிறேன். ஆனால் அப்பாவின் குரல் இப்போது மேசைக்கு அந்தப் பக்கம்கூடக் கேட்பதில்லை. இப்படி யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா?

செங்காங் சகோதரி | நவம்பர் 3, இரவு 11.15

என் அம்மாவும் இப்படித்தான். போனில் பேசினால் எதிர்முனையில் "ஹலோ, ஹலோ" என்று வைத்துவிடுகிறார்கள். இப்போது அம்மா போனையே எடுப்பதில்லை. பாடச் சொன்னால் கூச்சப்படுவார்களோ என்று பயமாக இருக்கிறது. ஆனால் உங்கள் அப்பா சொன்னதைப் படித்த பிறகு கேட்காமல் விடுவதுதான் தப்பு என்று தோன்றுகிறது.

குரல்பயிற்சி அக்கா | நவம்பர் 4, காலை 7.05

நான் பேச்சுப் பயிற்சியாளராக வேலை பார்க்கிறேன். வேலைக்குக் கிளம்புமுன் எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாக இருக்கும்.

1817-இல் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் இந்த நோயைப் பற்றி எழுதியபோது அதை நடுங்கும் வாதம் என்றுதான் குறிப்பிட்டார். நம் பெரியவர்களும் நடுக்குவாதம் என்பார்கள். அதனாலோ என்னவோ எல்லாருடைய கண்ணும் கை நடுக்கத்திலேயே இருக்கிறது. உண்மையில் மூளையில் அசைவுக்கு உதவுகிற டோபமைன் என்ற வேதிப்பொருள் குறையக் குறைய உடம்பின் அசைவுகள் எல்லாமே சிறுத்துப்போகின்றன. எடுத்து வைக்கிற அடி சிறுக்கும். கையெழுத்து எறும்பு ஊர்ந்த மாதிரி சிறுக்கும். அதே கணக்கில் குரலும் சிறுக்கும்.

இதில் பெரிய சிக்கல், பேசுகிறவருக்கு அது தெரியாது. தான் வழக்கம்போலத்தான் பேசுகிறோம் என்று அவர் மனதார நம்புகிறார். "சத்தமா பேசுங்கப்பா" என்றால் "நான் என்ன கத்தவா?" என்று கோபம் வருவது அதனால்தான். எல்எஸ்விடி லவுட் என்று பார்க்கின்சன் உள்ளவர்களுக்கான குரல் பயிற்சி ஒன்று உண்டு. அதில் வாரத்துக்கு நான்கு நாள், நான்கு வாரம், மொத்தம் 16 அமர்வு. அவ்வளவு நாளும் மனதில் வைத்துக்கொள்ளச் சொல்வது ஒரே சொல்: உரக்க. மூச்சு, உதடு, நாக்கு என்று தனித்தனியாகச் சொன்னால் குழம்பிவிடுவார்கள். "உரக்க" என்றால் மற்றதெல்லாம் தானாகவே கூட வரும்.

கூட்டமாகப் பாடுவது அந்தப் பயிற்சிக்கு மாற்று இல்லை. ஆனால் பேச வராதவர் பாட வருவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். தாளம் வெளியிலிருந்து வருவதால் எப்போது தொடங்குவது என்று மூளை தவிக்க வேண்டியதில்லை.

பாட்டுத் தேர்வில் ஒன்று கவனியுங்கள். மெதுவான பாட்டுதான் சுலபம் என்று எல்லாரும் நினைப்பார்கள். தாலாட்டு மாதிரி போகிற கேரல்களில் ஒவ்வொரு வரியின் முடிவிலும் இழுக்க வேண்டியிருக்கும், அதற்கு மூச்சு போதாது. நடுத்தர வேகத்தில், கால் தட்டுகிற மாதிரி தாளம் உள்ள, சின்னச் சின்ன வரிகள் கொண்ட பாட்டாக எடுங்கள். சுருதியை இரண்டு கட்டை இறக்குங்கள். தொடங்குமுன் எல்லாரும் "ஆ" என்று முடிந்தவரை நீளமாக, உரக்க, ஐந்தாறு முறை சொல்லட்டும். நாற்காலியில் முதுகு நிமிர்ந்து உட்கார்ந்தே பாடட்டும். சட்டென்று எழுந்தால் இரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றுகிறவர்கள் நிறையப் பேர்.

தேக்கா அண்ணன் | நவம்பர் 4, பிற்பகல் 1.20

நல்ல யோசனை தங்கச்சி. ஆனால் மனதில் உள்ளதைக் கேட்டுவிடுகிறேன். என் அம்மா திருநீறு பூசாமல் வெளியே கிளம்பாதவர். கேரல் மட்டும்தான் என்றால் என் தம்பி வீட்டில் முணுமுணுப்பார்கள். அம்மாவுக்கு அப்படி எதுவும் இல்லை, போன வருடம் வந்தார், கேக் சாப்பிட்டார்.

ஊரில் மார்கழி மாதம் விடியற்காலையில் ஜால்ராவோடு தெருத்தெருவாகப் பாடிக்கொண்டு போன கதையை அம்மா இன்னும் சொல்வார். உங்கள் கிறிஸ்துமஸ் வருவதும் மார்கழியில்தான். அம்மா ஒரு மார்கழிப் பாட்டு பாட இடம் இருக்குமா?

தஞ்சோங் பகாரில் வளர்ந்தவன் | நவம்பர் 4, மாலை 6.48

என் அத்தாவை, அதாவது அப்பாவைப் பற்றி நானும் சொல்லிவிடுகிறேன். கேரலில் வருகிற சில வரிகளை அவரால் பாட முடியாது, அது அவருடைய நம்பிக்கை. தயவுசெய்து யாரும் "சும்மா பாட்டுதானே பாய்" என்று வற்புறுத்த வேண்டாம். ஆனால் அந்தக் காலத்தில் கல்யாண வீடுகளில் தப்ஸ் என்கிற கைப்பறை அடித்தவர். நடுங்குகிற கை தாளம் போடும்போது நடுங்குவதில்லை, இதை வீட்டில் நாங்கள் கண்ணால் பார்த்திருக்கிறோம். தாளம் அவர் பொறுப்பு என்று கொடுத்தால் கட்டாயம் வருவார்.

பூன்லே மகள் | நவம்பர் 4, இரவு 9.30

அண்ணன், கட்டாயம் இடம் உண்டு. பாய், அத்தாவுக்கு முதல் நாற்காலி.

இதில் என் எண்ணத்தையும் சொல்கிறேன். எல்லாருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று கேரலிலிருந்து இயேசுவை எடுத்துவிட்டு, பனியும் மணியும் மட்டும் உள்ள பாட்டாகப் பாட வேண்டாம். சிங்கப்பூரில் ஏது பனி? அப்பா முப்பது வருடம் பாடியது அந்தப் பிறப்பைத்தான். கிறிஸ்தவக் குடும்பங்கள் கேரலைக் கேரலாகவே பாடட்டும். அம்மா மார்கழிப் பாட்டை மார்கழிப் பாட்டாகவே பாடட்டும். அடுத்தவர் பாடும்போது மற்றவர்கள் கேட்கட்டும், முடிந்தால் தாளம் போடட்டும். ஒவ்வொருவரும் தனக்குச் சொந்தமானதைப் பாடினால்தான் குரல் வயிற்றிலிருந்து வரும்.

ஈசூன் வீட்டுக்காரி | நவம்பர் 5, காலை 10.10

சாப்பாட்டைப் பற்றி யாருமே பேசவில்லையே. என் கணவர் போன வருடம் ஒரு விருந்தில் கேக் புரையேறி, சளி கட்டி, நெஞ்சுத் தொற்றாகி ஒன்பது நாள் மருத்துவமனையில் கிடந்தார். அதனால் இதில் நான் கண்டிப்பாக இருப்பேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

சுஜி கேக் வேண்டாம். டிசம்பர் வந்தால் எல்லார் வீட்டிலும் அதுதான், எனக்கும் உயிர். ஆனால் ரவையும் பாதாமும் சேர்ந்து வாயில் மணல் மாதிரி உதிரும். விழுங்குவதில் சிரமம் உள்ளவருக்கு உதிர்கிற எதுவும் ஆபத்து. தீபாவளி முறுக்கு மிச்சம் இருந்தாலும் கொண்டுவர வேண்டாம். பாயசமும் வேண்டாம். குடிக்கிறதுதானே என்று நினைப்போம். தண்ணீராகவும் துண்டாகவும் சேர்ந்து வருவதுதான் இவர்களுக்கு மிகக் கஷ்டம். பால் முன்னால் ஓடிவிடும், சேமியாவும் முந்திரியும் வாயிலேயே நிற்கும். நெய் விட்டுக் குழைவாகக் கிண்டிய கேசரி போதும். முந்திரி, திராட்சை போடாமல் நானே செய்து வருகிறேன்.

புரையேறாமல் இருக்கத் தேநீரைக் கெட்டியாக்கும் திக்கனர் மாவு கலந்து குடிக்கிறவர்கள் யார் யார், எந்த நிலை என்று முன்கூட்டியே சொல்லுங்கள். உணவும் பானமும் எவ்வளவு கெட்டியாக இருக்க வேண்டும் என்று சொல்கிற 0 முதல் 7 வரை உள்ள அந்த அளவில் மருத்துவமனையில் எந்த எண் எழுதிக் கொடுத்தார்கள் என்று பாருங்கள். ஒவ்வொருவர் கோப்பையிலும் எண்ணை எழுதி ஒட்டிவிடுவேன்.

அப்புறம், பிரியாணி. மாத்திரை போட்ட கையோடு கறி சாப்பிட்டால் புரதம் மாத்திரையில் உள்ள லெவோடோபா மருந்தோடு போட்டி போடும், மருந்து சரியாக ஏறாது. சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் மாத்திரை என்று எங்கள் மருத்துவர் சொல்லியிருக்கிறார். அதனால் பாட்டு முடிந்த பிறகுதான் பிரியாணி. பாடும்போது வாயில் எதுவும் இருக்கக்கூடாது.

நடுங்கும் கை | நவம்பர் 6, பிற்பகல் 3.50

நான் நோயாளி. 71 வயது. ஒரு விரலால் தட்டுகிறேன். மூன்று விஷயம்.

பாட்டுத் தாளைக் கையில் கொடுக்காதீர்கள். தாள் படபடவென்று சத்தம் போடும், எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள், பார்த்தால் கை இன்னும் ஆடும். ஸ்டாண்டில் வையுங்கள். எழுத்து பெரிதாக இருக்கட்டும்.

மைக்கையும் கையில் கொடுக்காதீர்கள்.

என் முகத்தைப் பார்த்து "அங்கிளுக்குப் பிடிக்கவில்லை போல" என்று சொல்லாதீர்கள். முகம் இறுகிவிட்டது. உள்ளே சிரிக்கிறேன்.

ஈசூன் வீட்டுக்காரி | நவம்பர் 6, மாலை 5.30

ஐயா, கடைசியில் எழுதியிருக்கிறீர்களே, அதைப் பேரப்பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டினேன். சின்னவள் இரண்டு வருடமாக "தாத்தா என்மேல கோவமா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். முகத் தசைகளும் மெதுவாகிவிட்டன என்று நான் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன், அவளுக்குப் புரியவில்லை. இன்று தாத்தாவிடம் போய் "உள்ளே சிரிக்கிறீங்களா?" என்று கேட்டாள். அவர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். மிக்க நன்றி ஐயா.

செங்காங் சகோதரி | நவம்பர் 9, இரவு 8.00

எங்கள் தேவாலயத்தில் கேரல் ரவுண்ட்ஸ் என்றால் வீடு வீடாகத்தான் போவோம். நம் குழுவில் படுக்கையிலேயே இருக்கிற இருவர் ஒரே புளோக்கில் இருக்கிறார்கள். மன்றத்தில் பாடிவிட்டு அந்த இரண்டு வீட்டுக்கும் போகலாமா?

தேக்கா அண்ணன் | நவம்பர் 9, இரவு 8.40

லிஃப்டை நினைத்தால்தான் பயம். அம்மாவுக்கு வாசற்படி, லிஃப்ட் கதவு, குறுகின இடம் எதைக் கண்டாலும் கால் உறைந்துவிடும். கதவு மூடுகிற சத்தம் கேட்டால் இன்னும் மோசம்.

குரல்பயிற்சி அக்கா | நவம்பர் 9, இரவு 10.20

கால் உறைந்தால் கையைப் பிடித்து இழுக்காதீர்கள், விழுந்துவிடுவார். நிற்க விடுங்கள். உடம்பைப் பக்கவாட்டில் இடதும் வலதும் மெதுவாகச் சாய்க்கச் சொல்லுங்கள். பிறகு "ஒன்று, இரண்டு" என்று தாளம் கொடுங்கள், அல்லது உங்கள் காலை அவர் முன்னால் குறுக்கே வைத்து அதைத் தாண்டச் சொல்லுங்கள். தாண்டுவதற்கு ஏதாவது கோடு தெரிந்தால் கால் எழும்பும். பாட்டோடு நடப்பதும் பலருக்கு உதவும். ஒருவர் லிஃப்ட் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்கட்டும்.

நடுங்கும் கை | நவம்பர் 10, காலை 11.00

போகலாம். வீட்டுக்குள் போக வேண்டாம். நடைபாதையில் நின்று பாடினால் அறைக்குள் கேட்கும். டிசம்பர் மழையில் சாரலடித்துத் தரை வழுக்கும். துடைக்க ஒருவர் வேண்டும்.

கடலோரக்காரன் | நவம்பர் 12, இரவு 11.55

நான் இங்கே இதுவரை எழுதியதில்லை, படிப்பதோடு சரி. என் அப்பாவும் உங்கள் குழுவில் இருந்தார். ஆகஸ்டில் தவறிவிட்டார். இப்போது என் வீட்டில் நோயாளி யாரும் இல்லை. நான் வரலாமா?

பூன்லே மகள் | நவம்பர் 13, காலை 6.10

வாங்கண்ணே. அப்பா உங்களை இரண்டு தடவை கேட்டார். கீபோர்டு வாசிப்பீர்கள் என்று ஞாபகம், கொண்டுவர முடியுமா?

கடலோரக்காரன் | நவம்பர் 13, காலை 6.25

கொண்டுவருகிறேன்.

செங்காங் சகோதரி | நவம்பர் 20, மாலை 7.15

இன்னொரு யோசனை. ஆர்ச்சர்ட் ரோடு விளக்கு பார்க்க எல்லாரையும் கூட்டிப் போகலாமா?

நடுங்கும் கை | நவம்பர் 21, காலை 9.40

27 வருடம் பஸ் ஓட்டினேன். முதன்முதலில் அங்கே கிறிஸ்துமஸ் விளக்கு போட்டது 1984. அந்த டிசம்பரில் பயணிகளோடு அந்தத் தெருவில் நத்தை மாதிரி ஊர்ந்து போனேன். கூட்டத்தில் நடந்தால் என் கால் நின்றுவிடும். பஸ்சில் போகலாம். வீல்சேருக்கு ஓட்டுநர் சாய்தளம் போட்டுக் கொடுப்பார். ஆனால் ஒரு பஸ்சில் ஒன்றிரண்டு வீல்சேர்தான் ஏறும். அதனால் இரண்டிரண்டு குடும்பமாக, வார நாளில். நான் வழி சொல்கிறேன்.

பூன்லே மகள் | டிசம்பர் 21, பிற்பகல் 2.30

நேற்று நடந்தது. கேட்டவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் நேரம். பதினான்கு பேருடைய மாத்திரை நேரத்தையும் வாங்கி ஒரே தாளில் கோடு போட்டுப் பார்த்தேன். நான்கு மணியிலிருந்து ஐந்தேகால் வரை முக்கால்வாசிப் பேருக்கு மருந்து வேலை செய்கிற நேரம். அதைத்தான் வைத்துக்கொண்டோம். அந்த ஒரு தாள்தான் நேற்று எங்களைக் காப்பாற்றியது. கூடல் நடத்துகிறவர்கள் வேறு எதைச் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள்.

மூன்று மணிக்கு மழை கொட்டியது. டாக்சி கிடைக்காமல் இரண்டு குடும்பம் தாமதம். ஆனாலும் காத்திருக்காமல் நான்கு மணிக்கே தொடங்கிவிட்டோம். வந்தவர்கள் பாதியில் சேர்ந்துகொண்டார்கள்.

அத்தா தப்ஸ் எடுத்தார். கடலோர அண்ணன் கீபோர்டு. சுருதி முதலில் உயரமாகிவிட்டது, இரண்டு வரியிலேயே எல்லாரும் நின்றுவிட்டார்கள். இறக்கி மறுபடி எடுத்தோம். "ஆ" பயிற்சியின்போது சிரிப்பு, அப்புறம் சரியாகிவிட்டது. மூன்று தமிழ்க் கேரல், இரண்டு ஆங்கிலம். அதற்குப் பிறகு தேக்கா அம்மா கண்ணை மூடிக்கொண்டு மார்கழிப் பாட்டு பாடினார். ஒரு வார்த்தைகூடத் தடுமாறவில்லை. அவர் மூன்று மாதமாக முழு வாக்கியம் பேசியதில்லை என்று அண்ணன் எழுந்து வெளியே போய்விட்டார், கொஞ்ச நேரம் கழித்துத்தான் வந்தார்.

அப்பா முதல் பாட்டில் உதட்டை மட்டும் அசைத்தார். நான் பக்கத்தில் போய் "உரக்க" என்று மட்டும் சொன்னேன். மூன்றாவது பாட்டில் பல்லவிக்கு அவருடைய பழைய பேஸ் குரல் வந்தது. முழுசாக இல்லை, இரண்டு வரிதான். எனக்குக் கேட்டது. எனக்குப் பின்னால் மூன்றாவது வரிசையில் இருந்த ஈசூன் அக்காவுக்கும் கேட்டதாம்.

ஐந்தேகாலுக்கு நிறுத்திக்கொண்டோம். இன்னொன்று, இன்னொன்று என்று கேட்டார்கள், ஆனாலும் நிறுத்திவிட்டோம். கேசரி தீர்ந்துவிட்டது. கோப்பைகளில் எண் ஒட்டியது மிகவும் உதவியது.

புளோக்குக்கு ஆறு பேர்தான் போக முடிந்தது. லிஃப்ட் கதவில் அப்பா நின்றார். அத்தா பின்னாலிருந்து தப்ஸைத் தட்டினார், அப்பா அந்தத் தாளத்துக்கு உள்ளே நடந்துபோனார். முதல் வீட்டில் நடைபாதையில் நின்று பாடினோம். எதிர்வீட்டுச் சீனப் பாட்டியும் கதவைத் திறந்து கடைசி வரை நின்றார். உள்ளே படுக்கையில் இருந்த ஆன்ட்டி கண் திறக்கவில்லை. ஆனால் போர்வைக்கு மேலிருந்த விரல் தாளத்துக்கு அசைந்தது என்று பணிப்பெண் வந்து சொன்னார். அதனால் அதையே இன்னொரு தடவை பாடினோம். இரண்டாவது வீட்டுக்குப் போவதற்குள் அப்பாவுக்கு முடியவில்லை, திரும்பிவிட்டோம். மற்ற நான்கு பேர் போய்ப் பாடிவிட்டு வந்தார்கள்.

தஞ்சோங் பகாரில் வளர்ந்தவன் | டிசம்பர் 21, மாலை 4.05

அத்தா இன்று காலையிலேயே தப்ஸைத் துடைத்து அலமாரிக்கு வெளியே வைத்துவிட்டார். உள்ளே வைக்கக் கூடாதாம்.

தேக்கா அண்ணன் | டிசம்பர் 21, மாலை 4.50

பொங்கலுக்கும் கூடுவோமா என்று அம்மா கேட்கிறார். அவரே கேட்டார், வாயைத் திறந்து.

நடுங்கும் கை | டிசம்பர் 21, மாலை 6.20

வருகிறேன். ஒத்திகை எந்தத் தேதி? எழுத்து இன்னும் கொஞ்சம் பெரிதாக வேண்டும்.